ஜவுளிக் கடை நேர்காணலுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு

(நமது அறக்கட்டளையின் வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டத்தில், ஜவுளிக் கடை ஒன்றில் ஃப்ளோர் சூப்பர்வைசராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய பெயரையும் கடைகளின் பெயர்களையும் வெளியிடவில்லை.)



பெரியவர்களே, உம்மாமார்களே, முன்வரிசையில் பயோடேட்டாவைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே! முதலில் அந்தத் தாளைச் சுருட்டாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி அதில் வையுங்கள். துணி மடிக்கிற வேலைக்குப் போகிறவர், தன் தாளையே மடங்காமல் வைத்துக்கொள்ளவில்லை என்றால் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்?

எனக்கு மேடைப் பேச்சு வராது. பதினைந்து வருடமாக கவுண்டருக்குப் பின்னால் நின்று பேசித்தான் பழக்கம். "குரூப் இண்டர்வியூ என்கிறார்களே, நம் பிள்ளைகள் போய்விட்டு ஒன்றும் புரியாமல் திரும்பி வருகிறார்கள், வந்து சொல்லுங்கள்" என்று அறக்கட்டளையிலிருந்து கேட்டார்கள். நானும் அந்த மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

ஒரு காலத்தில் ஜவுளிக் கடை வேலை என்றால் சிபாரிசுதான். தெரிந்தவர் ஒருவர் முதலாளியிடம் போய் "நம்ம பையன்" என்று சொல்வார். முதலாளி ஏற இறங்கப் பார்ப்பார், "நாளையிலிருந்து வா" என்பார். இல்லையென்றால் சென்னைக்கு ரயில் ஏறவேண்டும். ரங்கநாதன் தெருக் கடைகளில் நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் நின்று தேய்ந்த கதையை 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படத்தில் பலரும் பார்த்திருப்பீர்கள். இப்போது ஊருக்கு ஊர் கிளை திறக்கும் கம்பெனிக் கடைகள் வந்துவிட்டன. அவர்களுக்கு ஒரே நேரத்தில் முப்பது, நாற்பது பேர் வேண்டும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினால் மூன்று நாள் ஆகும். அதனால் பத்துப் பன்னிரண்டு பேரை ஒன்றாக உட்கார வைத்துப் பார்க்கிறார்கள். நம் பக்கத்தில் ஆடித் தள்ளுபடியும் பனிமய மாதா கோவில் திருவிழாவும் அடுத்தடுத்து வரும். பிறகு தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல். நம் பெருநாட்கள் தனி. ஆகவே ஆனி மாதத்திலேயே ஆள் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆடி பிறந்த பிறகு பயோடேட்டா எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நேரம் மிச்சம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்த வேலையே கூட்டத்துக்குள் செய்கிற வேலை. தனியாக உட்கார வைத்துக் கேட்டால் எல்லாருமே "நான் அனுசரித்துப் போவேன் சார்" என்றுதான் சொல்வோம். பன்னிரண்டு பேரை ஒரு அறையில் விட்டால் அரை மணியில் தெரிந்துவிடும். முத்துக் குளிப்பு நம் கடலில் கடைசியாக நடந்தது 1961-ல். அந்தக் காலத்தில் குளிக்கிறவனைப் பார்க்கிற அளவுக்கு, மேலே தோணியில் கயிறு பிடிக்கிறவனையும் பார்ப்பார்களாம். கயிறு மச்சான் கையில்தான் இருக்கவேண்டும் என்று என் பாட்டனார் சொல்வார். கடையிலும் ஒருவர் சேலையை விரிப்பார், ஒருவர் எடுத்துக் கொடுப்பார், ஒருவர் பில்லுக்கு அனுப்புவார். ஒருவர் சரியில்லை என்றால் கஸ்டமர் எழுந்து போய்விடுவார்.

சென்ற ஆண்டு நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த ஒரு நேர்காணலைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மூன்று பேர். எதிரில் வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலி. முதல் சுற்றில் ஒவ்வொருவரையும் தன்னை அறிமுகம் செய்யச் சொல்லவில்லை. "பக்கத்தில் இருப்பவரிடம் மூன்று நிமிடம் பேசுங்கள். பிறகு அவரை நீங்கள் எங்களுக்கு அறிமுகம் செய்யுங்கள்" என்றோம். இதில் என்ன பார்க்கிறோம்? நீங்கள் கேட்டீர்களா, கேட்டது மனதில் நின்றதா என்பதைத்தான். ஒரு தம்பி, பி.காம். படித்தவர், நன்றாகப் பேசுகிறவர், மூன்று நிமிடமும் தன்னைப் பற்றியே பக்கத்துப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றபோது அந்தப் பையனின் பெயரே வாயில் வரவில்லை. சேலை வாங்க வந்த அம்மா "மகளுக்கு நிச்சயதார்த்தம், வெளிர் நிறம் வேண்டாம்" என்று சொன்னதை மறந்துவிட்டு, வெளிர் நீலத்தை எடுத்துப் போடுகிற ஆள் இவர்தான்.

இரண்டாவது சுற்றுக்கு நான்கு நான்கு பேராகப் பிரித்தோம். மேசை மேல் ஒரு குவியல் துணி. "ஐயாயிரம் ரூபாய்க்குள் ஒரு குடும்பத்துக்குப் பண்டிகைத் துணி எடுங்கள். அம்மா, அப்பா, கல்லூரி போகிற மகன், எட்டு வயது மகள்." நேரம் பத்து நிமிடம். ஒரு குழுவில் இருந்த ஒரு பிள்ளை, உப்பளத்தில் வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளை, பத்தாவதுதான் படித்திருந்தாள். அந்த பி.காம். தம்பி பையனுக்கு ஜீன்ஸும் சட்டையுமாக மூவாயிரத்துக்கு எடுத்துவிட்டார். இவள் மெதுவாக, "அண்ணே, சின்னப் பிள்ளைக்கு இன்னும் எடுக்கலையே, அதுதானே முதல்ல அழும்" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஜீன்ஸ் குவியலுக்குத் திரும்பிப் போனது, பாவாடை சட்டை வந்தது. நாங்கள் மூன்று பேருமே அவளுக்கு முழு மதிப்பெண் போட்டோம். அவள் தம்பியை எதிர்த்துப் பேசவுமில்லை, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டவுமில்லை.

மூன்றாவது சுற்று நடித்துக் காட்டுவது. நான் கஸ்டமர். கையில் தையல் பிரிந்த ஒரு சுடிதார், பில் இல்லை, ஒரே கோபம். இதற்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது. "பில் இல்லாமல் மாற்ற முடியாது" என்பது கடையின் சட்டம். அதை முதல் வாக்கியமாகச் சொல்கிறவரும் இருக்கிறார், துணியை வாங்கித் தையலைப் பார்த்துவிட்டு, "உட்காருங்க, மேனேஜரைக் கூப்பிடுறேன்" என்கிறவரும் இருக்கிறார். இருவருமே மாற்றித் தரப்போவதில்லை. ஆனால் இரண்டாவது ஆளிடம் அந்த அம்மா அடுத்த மாதம் திரும்ப வருவார்.

இடையில் சின்னச் சின்ன கணக்கும் கேட்போம். 1,250 ரூபாய் சட்டைக்கு இருபது சதவீதம் தள்ளுபடி போனால் எவ்வளவு? ஆயிரம். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் எட்டு எடுத்தவர் எத்தனைக்குப் பணம் கட்டுவார்? ஆறு. ஃபோனைத் தொடாமல் சொல்லப் பழகுங்கள். பையன்கள் சட்டை அளவு 38, 40, 42 என்பது எந்த உடம்புக்கு என்றும், சேலை ஐந்தரை மீட்டர், பிளவுஸ் துணி எண்பது சென்டிமீட்டர் என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உம்மாவிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

இப்போது நான் சொல்லத் தயங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அந்தப் பன்னிரண்டு பேரில் நம் பிள்ளை ஒருத்தி இருந்தாள். புர்கா போட்டு, மூலை நாற்காலியில். முதல் சுற்றில் பக்கத்துப் பெண்ணைப் பற்றி இரண்டு வாக்கியம் சரியாகச் சொன்னாள். இரண்டாவது சுற்று முடிந்து எல்லாரும் நாற்காலிக்குத் திரும்பியபோது, இவள் மட்டும் நின்று, கலைந்து கிடந்த துணிகளை மடித்து, அளவு வாரியாக அடுக்கிவிட்டு வந்தாள். யாரும் சொல்லவில்லை. அந்த மடிப்பைப் பார்த்தால் தெரிந்தது, வீட்டில் யாரோ ஜவுளித் தொழிலில் இருந்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். அவள் முறை வந்தபோது தலையை ஆட்டினாள்.

மதிப்பெண் கூட்டும்போது என்னோடு இருந்தவர், "வாயே திறக்கலையே மேடம், கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசுவா?" என்றார். துணி மடித்ததை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் மக்கனா போட்டவள், அவளும் அப்படி. தன் ஆளுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் பெயர் பட்டியலில் வரவில்லை.

சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டில் காயல்பட்டினம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சலாம் சொன்னாள். "ஏம்மா, கடைசியில் ஒன்றுமே கேட்கவில்லையே?" என்றேன். "லுஹருக்குப் பத்து நிமிஷம் விடுவாங்களான்னு கேக்கணும்னு இருந்தேன் ராத்தா. கேட்டா எடுக்க மாட்டாங்களோன்னு பயம். கேக்கலாமா வேண்டாமான்னு நினைச்சுக்கிட்டே இருந்ததுல, மத்ததுக்கும் வாய் வரலை" என்றாள்.

அந்தக் கடையில் நாங்கள் மூன்று பேர் முறை வைத்து ஸ்டாக் ரூமில் தொழுதுகொண்டிருந்தோம். மேனேஜருக்குத் தெரியும். சாப்பாட்டு இடைவேளையை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். அவள் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். அவள் கேட்காமலேயே நான் சொல்லியிருந்தால், அவள் பயமே இல்லாமல் பேசியிருப்பாள். இப்போதெல்லாம் நேர்காணல் தொடங்கும் முன்னே நானே சொல்லிவிடுகிறேன்: இடைவேளை எப்போது, யூனிஃபார்ம் என்ன, தலைமறைப்புக்குத் தடையில்லை. அந்தப் பிள்ளைக்கு அது உதவவில்லை.

இதே போன்ற ஒன்று அமெரிக்காவில் நடந்து, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2008-ல் ஓக்லஹோமா மாநிலம் டல்சா நகரில் சமந்தா இலாஃப் என்ற பதினேழு வயதுப் பிள்ளை, அபர்குரோம்பி என்ற பெரிய துணிக்கடைக் கம்பெனியில் விற்பனை வேலைக்குப் போனாள். தலையில் கறுப்புத் துணி. நேர்காணலில் அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எடுத்தவரும் கேட்கவில்லை. வேலைக்கு எடுக்கும் அளவுக்கு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் மேலதிகாரி, ஊழியர் தோற்றம் பற்றிய கம்பெனி விதிக்குத் தலைத்துணி ஒத்துவராது என்று தடுத்துவிட்டார். வழக்கு பல வருடம் நடந்தது. "அவள் கேட்கவில்லையே, எங்களுக்கு எப்படித் தெரியும்" என்பதுதான் கம்பெனியின் வாதம். 2015 ஜூன் 1-ம் தேதி ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அந்தப் பிள்ளையின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அவள் வாயால் கேட்டாளா இல்லையா என்பது கேள்வியல்ல, அவளுடைய மத வழக்கத்துக்கு இடம் கொடுக்காமல் இருப்பதற்காகவே வேலையை மறுத்தார்களா என்பதுதான் கேள்வி என்றார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது அந்த நாட்டு வேலைவாய்ப்புச் சட்டம். நம் நாட்டில் அரசு வேலையில் மத பேதம் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. தனியார் துணிக்கடை நேர்காணலுக்கு அது நேராகப் பொருந்தாது. ஆகவே நம் பிள்ளைகள் வாயைத் திறந்து கேட்டுத்தான் ஆகவேண்டும். எப்படிக் கேட்பது? கெஞ்சவும் வேண்டாம், சண்டைக்குப் போவது போலவும் வேண்டாம். "மதியம் தொழுகைக்குப் பத்து நிமிடம் வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் கழித்துக்கொள்ளலாம், சரிவருமா சார்?" இவ்வளவுதான். "சரிவராது" என்றால் அங்கேயே தெரிந்துவிடும், அடுத்த கடையைப் பார்க்கலாம். சேர்ந்து இரண்டாவது வாரத்தில் தெரிய வந்தால் எல்லாருக்கும் மனக்கசப்பு. புர்கா விஷயமும் அப்படித்தான். பல கடைகளில் தளத்தில் எல்லாரும் யூனிஃபார்ம் கோட்டு போடவேண்டும்; மக்கனா இருக்கலாம், மேலே புர்கா கூடாது என்பார்கள். அது உங்களுக்குச் சரியா இல்லையா என்பதை முதல் நாள் இரவே வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். நேர்காணல் அறையில் வைத்து யோசித்தால் அந்தப் பிள்ளைக்கு நடந்ததுதான் நடக்கும்.

வீட்டில் பேசுவது என்றதும் வாப்பாமார் சிலர் என்னைப் பார்க்கிறீர்கள். உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். என் முதல் வேலை ஒன்பது நாளில் போனது. ப்ளஸ் டூ முடித்த வருடம். "மஃரிபுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துரணும்" என்ற நிபந்தனையோடுதான் வாப்பா அனுப்பினார்கள். கடையில் "இரவு ஷிஃப்ட் பார்ப்பியா?" என்று கேட்டபோது, வேலை கிடைக்கவேண்டும் என்ற ஆசையில் "எந்த நேரமும் பார்ப்பேன் சார்" என்றேன். பொய். தீபாவளிக்கு முந்தின வாரம், ஒன்பதாவது நாள், இரவு ஒன்பதரை மணி. கூட்டம் நெரிகிறது, நான் சேலைக் குவியலுக்கு நடுவில். வாசலில் வாப்பா வந்து நின்றுவிட்டார்கள். எல்லார் முன்னாலும் சத்தம். மறுநாள் காலை மேனேஜர் ஒன்பது நாள் சம்பளத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். திட்டவில்லை. "சொல்லியிருந்தா பகல் ஷிஃப்ட் கொடுத்திருப்பேனே அம்மா" என்றார். அது இன்னும் காதில் கேட்கிறது. அடுத்த வருடம் என் தோழிகள் இருவர் அதே கடைக்குப் போனபோது அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் விடுவாங்களா?" என்னால் அவர்களுக்கு அந்தக் கேள்வி.

ஆகவே வாப்பாமார்களே, எத்தனை மணி வரை என்பதைப் பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். எட்டு மணி என்றால் எட்டு மணி. பண்டிகைக் காலத்தில் மட்டும் ஒன்பதரை வரை, அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போவான் என்றால் அதையும் சொல்லுங்கள். பிள்ளை அதை அப்படியே கடையில் சொல்லட்டும். 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் ஆணை போட்டபோதுகூட, இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைத்திருக்க அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்துத்தான் போட்டது. நேரத்தைப் பற்றிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

கேட்கவேண்டிய மற்றவை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை எந்த நாள்? தமிழ்நாடு கடைகள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்பது அதில் உள்ள கணக்கு. ஈ.எஸ்.ஐ. உண்டா? மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு உண்டு. உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி போடுவது 3.25 சதவீதம். உம்மா வாப்பாவுக்கு வைத்தியம் பார்க்க உதவுகிற அட்டை அது, பிடிக்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள். பி.எஃப். உண்டா என்றும் கேளுங்கள். வேலைக்கு எடுத்ததாக எழுத்தில் ஒரு தாள் தருவார்களா என்றும் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்காதீர்கள். பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள், ஆளுக்கு ஒன்றாகக் கேட்டாலே எல்லாருக்கும் பதில் வந்துவிடும்.

உட்கார நாற்காலி உண்டா என்பதையும் கேளுங்கள். நான் சேர்ந்த காலத்தில் கஸ்டமர் இல்லாத நேரத்திலும் நிற்கவேண்டும். பத்து மணி நேரம் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோன ராத்தாமார் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களைத் திரட்டி விஜி என்ற தையல்காரப் பெண்மணி போராடினார். திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடைப் பெண்கள் 2014 டிசம்பர் கடைசியில் தொடங்கி நூறு நாளைத் தாண்டி உட்கார்ந்து போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்திலும் அதே போல் மசோதா வந்து, கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியருக்கும் இருக்கை போடவேண்டும் என்கிறது அது. என் தளத்தில் இப்போது ஆறு ஸ்டூல் இருக்கிறது. உட்கார்ந்தால் ஏதாவது சொல்வார்களோ என்று புதுப் பிள்ளைகள் இன்னும் ஸ்டூல் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார்கள். நான்தான் போய் உட்கார வைப்பேன்.

உடை பற்றிக் கேட்டார்கள். சுத்தமாகத் துவைத்து இஸ்திரி போட்டது போதும், புதிது வாங்கவேண்டாம். பையன்கள் நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள். பட்டுச் சேலையில் நகம் பட்டால் இழை இழுத்துவிடும், அதைத்தான் கையில் முதலில் பார்ப்போம். அத்தர் கொஞ்சமாகப் போடுங்கள்.

அந்தக் காயல்பட்டினத்துப் பிள்ளையைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அன்று பஸ் ஸ்டாண்டிலேயே அவள் நம்பரை வாங்கிக்கொண்டேன். அடுத்த சீசனில் கூப்பிட்டேன். அதற்குள் அவளுக்குத் திருநெல்வேலியில் ஒரு கடையில் பில்லிங் வேலை கிடைத்திருந்தது. "அங்கே கேட்டியா?" என்றேன். "முதல் கேள்வியே அதுதான் ராத்தா" என்றாள்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே கூடத்தில் பன்னிரண்டு நாற்காலி போட்டு, நாம் ஒரு முறை நடத்திப் பார்க்கப் போகிறோம். நான் கோபக்கார கஸ்டமராக வருவேன். பையன்களும் வரலாம், பெண் பிள்ளைகளுக்கு உம்மாவும் கூட வரலாம். ஆளுக்கு ஒரு சேலையோ கைலியோ எடுத்து வாருங்கள், மடித்துப் பழகவேண்டும். மடித்ததை மறுபடியும் பிரித்துத்தான் போடுவேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.